ஆய்வுக்களமாக இருந்த ஊர், ஆய்வாளர்களை உருவாக்குவது எப்போது? மருத்துவச் சேர்க்கையும் திருவள்ளூர் மாணவர்களும்

மருத்துவம் படிக்க விரும்பும் மாணவர்களிடம் இன்று புதிய அறிவுரை ஒன்று விற்கப்படுகிறது. 'பள்ளிப் பருவத்திலேயே ஆய்வு அனுபவம் பெறுங்கள். மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்க அது உதவும்' என்பதே அந்த அறிவுரை. நகரத்துத் தனியார் பள்ளிகளும் பயிற்சி நிறுவனங்களும் இதைக் கட்டணத்துடன் வழங்குகின்றன. கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் ஒப்பந்தக் கூலியாக உழைப்பவரின் மகளுக்கும், திருவள்ளூர் செங்கல் சூளையில் வேலை செய்யும் இருளர் குடும்பத்தின் மகனுக்கும் இந்த அறிவுரை எதைச் சொல்கிறது? அவர்களிடம் இல்லாத இன்னொன்று இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது.

ஆகவே இரண்டு கேள்விகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் ஆய்வு அனுபவத்துக்கு என்ன மதிப்பு? மருத்துவராகப் போகும் ஒரு தலித் மாணவருக்கு ஆய்வு அனுபவத்தால் என்ன பயன்? முதல் கேள்விக்கான விடை சுருக்கமானது. இரண்டாவது கேள்விக்கான விடை திருவள்ளூரின் வரலாற்றில் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் ஆய்வு அனுபவத்துக்குரிய மதிப்பெண் சுழியம். 2019ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 14ஆவது பிரிவு, இளநிலை மருத்துவச் சேர்க்கைக்கு நாடு முழுமைக்கும் ஒரே தேர்வை வகுத்திருக்கிறது. நீட் தேர்வின் மொத்த மதிப்பெண் 720. அதில் உயிரியலுக்கு 360, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 180. தரவரிசையும் இடஒதுக்கீடுமே கலந்தாய்வில் இடத்தைத் தீர்மானிக்கின்றன. ஆய்வுச் சான்றிதழ், கட்டுரை, பரிந்துரைக் கடிதம் ஆகிய எவற்றுக்கும் அங்கே இடமில்லை. முதுநிலை மருத்துவச் சேர்க்கையிலும் நிலை இதுவே.

எனவே பன்னிரண்டாம் வகுப்பு மாணவர் எவரும் 'சேர்க்கைக்கு உதவும்' என்ற நம்பிக்கையில் ஆய்வுப் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அந்தப் பணம் கடன் வாங்கியதாக இருந்தால் கட்டவே கூடாது.

இந்த அறிவுரை உண்மையில் அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே பெரும்பாலும் நான்காண்டுப் பட்டப்படிப்புக்குப் பிறகே மருத்துவக் கல்லூரியில் சேர்கிறார்கள். பொது விண்ணப்பத்தில் மாணவர் தம் அனுபவங்களாக 15 வரை குறிப்பிடலாம். மருத்துவமனைத் தொண்டு, சமூகப்பணி, ஆய்வகப்பணி ஆகியவை அதில் அடங்கும். ஆய்வு எல்லாக் கல்லூரிகளிலும் கட்டாயமில்லை. ஆயினும் ஆராய்ச்சிக்குப் பெயர்பெற்ற கல்லூரிகள் அதை எதிர்பார்க்கின்றன. கோடை முழுவதும் ஊதியமின்றி ஆய்வகத்தில் உழைக்க யாரால் முடியும் என்ற கேள்வியை அந்நாட்டிலேயே எழுப்புகிறார்கள். கோடையில் கூலிக்குப் போக வேண்டிய மாணவரின் விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் வெறுமையாகவே இருக்கும்.

ஒன்றிய அரசு பட்டியல் சாதியினருக்கு வழங்கும் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் முதுநிலைப் படிப்புக்கும் முனைவர் பட்டத்துக்கும் உரியது. இளநிலை மருத்துவத்துக்கு உரியதன்று. ஆகவே இந்த அறிவுரையால் பயன்பெறுவோர் மிகச் சிலரே.

நேர்காணல் காலத்தை மறந்துவிடலாகாது

'ஒரே தேர்வு அநீதியானது. மாணவரின் முழு ஆளுமையையும் ஆய்வு ஆர்வத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்' என்ற வாதம் முற்போக்கானதாகவே ஒலிக்கிறது. ஆனால் தமிழ்நாடு அந்த வழியை முன்பே ஒருமுறை நடந்து பார்த்திருக்கிறது.

நீட் தேர்வுக்கு அரை நூற்றாண்டுக்கு முன், இம்மாநிலத்தின் அரசு மருத்துவக் கல்லூரிச் சேர்க்கையில் நேர்காணலுக்கு 75 மதிப்பெண்கள் இருந்தன. விளையாட்டு அல்லது தேசிய மாணவர் படை, பாடத்துக்குப் புறம்பான சிறப்புப் பணிகள், உடல்திறன், பொது ஆற்றல், மருத்துவத்துக்கான நாட்டம் என ஐந்து தலைப்புகளில் அவை வழங்கப்பட வேண்டும். பெரியகருப்பன் எதிர் தமிழ்நாடு அரசு வழக்கில் 1970ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இந்த முறையைக் கூர்ந்து பார்த்தது. தேர்வில் உயர்ந்த மதிப்பெண் பெற்ற பலர் நேர்காணலில் குறைவாகவும், தேர்வில் குறைந்தவர்கள் பலர் நேர்காணலில் மிக உயர்வாகவும் பெற்றிருந்ததைச் சுட்டிக்காட்டியது. நேர்காணலுக்கான பங்கு மிகையானது என்றும் கருதியது. அதே தீர்ப்பில் பிற்படுத்தப்பட்டோருக்கான இடஒதுக்கீட்டை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

'பொது ஆற்றல்', 'நாட்டம்' என்பவற்றுக்கு அளவுகோல் கிடையாது. அளவுகோல் இல்லாத இடத்தில் அளப்பவரின் கண் அளவுகோலாகிவிடும். மாணவர் பேசும் ஆங்கிலம், உடுத்தும் உடை, தந்தையின் தொழில், ஊரின் பெயர், அந்தப் பெயருக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் 'காலனி' என்ற சொல் ஆகிய அனைத்தும் அங்கே மதிப்பெண்ணாக மாறும். டெல்லி எய்ம்ஸ் கல்லூரியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதத்தை ஆராய்ந்த தோரட் குழு, 2007ஆம் ஆண்டு அளித்த அறிக்கையில், செய்முறைத் தேர்விலும் வாய்மொழித் தேர்விலும் பாகுபாடு இருப்பதாக அம்மாணவர்கள் தெரிவித்ததைப் பதிவு செய்தது. விடைத்தாளில் மறைந்திருக்கும் முகம் நேர்காணலில் வெளிப்படுகிறது. சாதி அங்கேதான் எளிதாகத் தன் வேலையைச் செய்கிறது.

இதனால் நீட் தேர்வு நடுநிலையானது என்று ஆகிவிடாது. நீதிபதி ஏ.கே. இராஜன் குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கை, பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடிந்தவர்களுக்கும் திரும்பத் திரும்பத் தேர்வெழுத வசதியுள்ளவர்களுக்கும் அத்தேர்வு சாதகமாக இருப்பதை எடுத்துரைத்தது. பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண் பெற்று, தம் உரிமைக்காக உச்ச நீதிமன்றம் வரை சென்ற அரியலூர் அனிதாவை 2017 செப்டம்பர் 1ஆம் நாள் இழந்தோம். அந்த இழப்பை நம் மாணவர் இயக்கம் மறக்காது.

இதற்கு மாறாக, திட்டவட்டமான விதி எதைச் சாதிக்கும் என்பதற்கும் சான்று உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டம் 2020ஆம் ஆண்டு வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் எம்.பி.பி.எஸ். இடம் பெற்ற அரசுப் பள்ளி மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். சட்டம் வந்த ஆண்டிலேயே அந்த எண்ணிக்கை 300ஐத் தாண்டியது. யார் படித்த பள்ளி எது என்பதற்கு ஆவணம் உண்டு. அதில் எவருடைய விருப்பு வெறுப்புக்கும் இடமில்லை.

எனவே சேர்க்கை விதியில் ஆய்வு அனுபவத்துக்கு மதிப்பெண் கேட்பது நம் கோரிக்கையாக இருக்க முடியாது. இன்றைய சமூக நிலையில் அது இன்னொரு சுவராகவே எழும்.

திருவள்ளூர் தந்த ஆய்வு

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். சேர்க்கைக்கு உதவாத ஆய்வு அனுபவத்தால் தலித் மாணவருக்கு வேறென்ன பயன்?

உலக மருத்துவ நூல்களில் திருவள்ளூரின் பெயர் பல பத்தாண்டுகளாக இடம்பெற்று வருகிறது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தில் திருவள்ளூரைச் சுற்றியுள்ள ஊர்களில் பி.சி.ஜி. காசநோய்த் தடுப்பூசியின் பயனை அறிய மாபெரும் ஆய்வு ஒன்று நடந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) உலக சுகாதார நிறுவனத்துடனும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையுடனும் இணைந்து அதை நடத்தியது. 1968 முதல் 1971 வரை மக்கள் பதிவு செய்யப்பட்டனர். பதிவானோர் 3.6 லட்சத்துக்கும் மேல். அவர்களுள் 2.8 லட்சம் பேருக்குக் குலுக்கல் முறையில் தடுப்பூசியோ, மருந்தில்லாப் போலி ஊசியோ போடப்பட்டது. பின்னர் 15 ஆண்டுகள் அவர்கள் கண்காணிக்கப்பட்டனர்.

வளர்ந்தவர்களுக்கு வரும் நுரையீரல் காசநோயை இத்தடுப்பூசி தடுக்கவில்லை என்பதே முடிவு. முதல் ஏழரை ஆண்டுக் கணக்கிலேயே அது தெரிந்தது. 15 ஆண்டு முடிவுகள் 1999ஆம் ஆண்டு வெளியாகி அதை உறுதி செய்தன. குழந்தைகளைக் காசநோயின் கொடிய வடிவங்களிலிருந்து காப்பதால் பிறந்தவுடன் பி.சி.ஜி. போடுவது இன்றும் தொடர்கிறது, அது தேவையானதே. ஆனால் பெரியவர்களின் காசநோய்க்கு வேறு தடுப்பூசி வேண்டும் என்ற உலகளாவிய தேடலுக்குத் திருவள்ளூர் மக்களின் உடல்கள் தந்த சான்று அடித்தளமாயிற்று.

இது முதன்முறையும் அன்று, கடைசி முறையும் அன்று. 1956ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நகரத்தின் ஏழை நோயாளிகளைக் கொண்டு ஓர் ஆய்வை நடத்தியது. மாதக்கணக்கில் காசநோய் மருத்துவமனையில் கிடக்க வேண்டியதில்லை, வீட்டிலிருந்தே மருந்துண்டு குணமடையலாம் என்று அது 1959ஆம் ஆண்டு மெய்ப்பித்தது. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை அதன்பின் மாறியது. அந்த மையமே இன்று சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக விளங்குகிறது. நேரடிக் கண்காணிப்பில் மருந்து தரும் டாட்ஸ் முறையால் சமூகத்தில் காசநோய் எவ்வளவு குறைகிறது என்பதை 1999 முதல் அது அளந்ததும் திருவள்ளூர் மாவட்டத்து ஊர்களில்தான்.

இந்த ஆய்வுகளை நாம் பழிக்கவில்லை. எதிர்பார்த்த முடிவு வராதபோதும் மறைக்காமல் வெளியிட்டது அறிவியலின் நேர்மை. அதன் பயனை உலகத்து ஏழைகள் அடைந்தார்கள். நாம் கேட்பது வேறு. காசநோய் பெரும்பாலும் நெரிசலான குடிசையிலும் வெறும் வயிற்றிலும் குடியேறும் நோய். திருவள்ளூர் மாவட்டத்தில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பட்டியல் சாதியினர். இங்கே ஊர் ஊராகக் கணக்கெடுத்தபோது சேரிகளும் கணக்கில் வந்தன. சளி மாதிரி தந்தவர்களும் கையை நீட்டியவர்களும் நம் பாட்டன் பாட்டிகள். கேள்வியை வகுத்தவர்களில், கணக்கிட்டவர்களில், கட்டுரையில் பெயர் பொறித்தவர்களில் அவர்களுடைய பிள்ளைகள் எத்தனை பேர்?

இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். மனிதர்கள்மீதான ஆய்வு குறித்து ஐ.சி.எம்.ஆர். தன் முதல் நெறிமுறை அறிக்கையை வெளியிட்டது 1980ஆம் ஆண்டில். திருவள்ளூரில் ஊசி போடத் தொடங்கி அதற்குள் 12 ஆண்டுகள் ஆகியிருந்தன. 'எதற்காக, என்ன விளைவு, மறுக்கலாமா' என்று கேட்கும் உரிமை ஏட்டில் ஏறுவதற்கு முன்பே அம்மக்கள் தம் பங்கைத் தந்துவிட்டார்கள்.

ஆய்வு அனுபவத்தின் மெய்யான மதிப்பு

கேள்வி கேட்கும் இடத்துக்கு நகர்வதே ஆய்வு அனுபவத்தின் மெய்யான மதிப்பு. எதை ஆராய்வது என்று முடிவெடுப்பவர்தான் எந்த நோய் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதையும் முடிவெடுக்கிறார்.

கும்மிடிப்பூண்டியையே எடுத்துக்கொள்வோம். எஃகு உருக்காலைகளும் வார்ப்பாலைகளும் இரசாயனத் தொழிற்சாலைகளும் நிறைந்த பகுதி அது. அபாயகரமான தொழிற்கழிவுகளைப் புதைக்கும் கிடங்கும் அங்கேயே இருக்கிறது. இருமலுடன் வரும் தொழிலாளிக்கு மருத்துவர் மருந்து எழுதித் தருகிறார். 'என்ன வேலை செய்கிறீர்கள்? எத்தனை ஆண்டாக? அங்கே தூசு உண்டா?' என்று கேட்டால்தான் அது தொழில்நோயாகத் தெரியவரும். இத்தாலிய மருத்துவர் ராமசினி, நோயாளியிடம் தொழிலைக் கேளுங்கள் என்று 1700ஆம் ஆண்டிலேயே எழுதினார். தொழில்நோய்களைப் பட்டியலிட்டு, அவற்றைக் காணும் மருத்துவர் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டமும் விதித்தது. கேட்காத கேள்வி பதிவாகாது. பதிவாகாத நோய்க்கு இழப்பீடும் கிடையாது. ஒப்பந்தத் தொழிலாளி ஆலை மாறும்போது அவருடைய நோயின் வரலாறும் அவரோடு போய்விடுகிறது.

இந்தக் கேள்வியைக் கேட்க ஆய்வுப் பயிற்சி வேண்டும். பத்துப் பேரின் இருமல் தற்செயலா, ஒரே காரணத்தால் வந்ததா என்று பிரித்தறியக் கணக்கு வேண்டும். ஒப்பிடுவதற்கு வேறொரு குழு வேண்டும். 'எங்கள் ஊரில் எல்லாருக்கும் இருமல்' என்ற குறையை அதிகாரி தள்ளிவிடலாம். முறையாக எடுத்த கணக்கை அவ்வளவு எளிதில் தள்ளிவிட முடியாது. அந்தக் கணக்கை எடுக்கத் தெரிந்த மருத்துவர் அதே ஊரிலிருந்து வந்தவராக இருந்தால், எந்தத் தெருவில் கணக்கெடுக்காமல் விட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும்.

மாணவர்கள் செய்யக்கூடியவை

பள்ளியில் இருக்கும்போது: தமிழ்நாடு அறிவியல் இயக்கம் ஒருங்கிணைத்துவரும் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் உள்ளூர்ச் சிக்கலையே ஆய்வுப்பொருளாக எடுத்துத் தமிழில் படைக்க முடியும். ஊர்க் கிணற்று நீரோ, ஏரியில் கலக்கும் கழிவோ போதும். ஒன்றிய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டம், தெரிவு செய்யும் கருத்துக்கு 10,000 ரூபாய் தருகிறது. இவை சேர்க்கைக்கு மதிப்பெண் தாரா. சிந்தனைக்குப் பழக்கம் தரும். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் நீட் தேர்வுக்கும் பாடத்துக்குமே முதலிடம் தர வேண்டும்.

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த பிறகு: ஐ.சி.எம்.ஆர். 1979 முதல் நடத்திவரும் குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் இளநிலை மாணவர்களுக்கானது. தம் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரை வழிகாட்டியாகக் கொண்டு, இரண்டு மாதங்களில் ஓர் ஆய்வை முடித்து அறிக்கை தர வேண்டும். அறிக்கை ஏற்கப்பட்ட பிறகே உதவித்தொகை வரும் என்பதால் முன்செலவை மாணவரே ஏற்க நேர்கிறது. அதற்கு அஞ்சி முதல் தலைமுறை மாணவர்கள் ஒதுங்கிவிடக் கூடாது. மூத்த மாணவர்களும் இயக்கங்களும் இதில் கைகொடுக்க முடியும். முதுநிலையில் ஆய்வேடு கட்டாயம். ஆசிரியர் பதவி உயர்வுக்கு ஆய்வுக்கட்டுரை தேவை. முனைவர் பட்டத்துக்கும் அயல்நாட்டு ஆய்வு உதவித்தொகைக்கும் அனுபவம் கேட்கப்படுகிறது. அந்த வாசல்கள் வரும்போது வெறுங்கையுடன் நிற்காமலிருக்க இளநிலையிலேயே தொடங்குவது நல்லது.

களத்தில் இருக்கும் செயற்பாட்டாளர்களுக்கு: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் பெறும் ஆவணங்களையும் மருத்துவ மாணவர் எடுக்கும் கணக்கையும் இணைத்தால் வலுவான சான்று உருவாகும். ஆனால் மனிதர்களைப் பற்றிய எந்த ஆய்வுக்கும் கல்லூரியின் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். நம் மக்களிடம் நாமே கேட்டாலும் அவர்களுக்குப் புரியும் தமிழில் விளக்கி இசைவு பெற வேண்டும்.

நம் கோரிக்கைகள்

2022 ஜனவரி 12 அன்று தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. திருவள்ளூர் அவற்றுள் ஒன்று. ஐ.சி.எம்.ஆரின் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இதே மாவட்டத்தின் அயப்பாக்கத்தில் இருக்கிறது. கல்லூரி, ஆய்வு நிறுவனம், தொழிற்பகுதி மூன்றும் ஒரே மாவட்டத்தில் அமைந்திருக்கின்றன. இவற்றை இணைக்க அரசு முன்வர வேண்டும்.

ஒன்று, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் பயிலும் மாணவர்களுக்கு இந்நிறுவனங்களில் ஊதியத்துடன் கூடிய கோடைக்கால ஆய்வுப் பயிற்சி வேண்டும். ஊதியமில்லாப் பயிற்சி வசதியுள்ளோருக்கான இடஒதுக்கீடாகவே முடியும்.

இரண்டு, குறுகிய கால ஆய்வுத் திட்டத்தில் சேரும் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு உதவித்தொகையின் ஒரு பகுதியை முன்பணமாகத் தர வேண்டும். வழிகாட்டி ஒதுக்கப்படுவதைக் கல்லூரியே உறுதி செய்ய வேண்டும்.

மூன்று, நெறிமுறைக் குழுவில் பொதுமக்களில் ஒருவர் இடம்பெற வேண்டும் என்று ஐ.சி.எம்.ஆரின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல் கூறுகிறது. திருவள்ளூரில் அந்த இடம் ஆய்வுக்கு உட்படும் சேரிகளிலிருந்தும் இருளர் குடியிருப்புகளிலிருந்தும் வருவோருக்கு உரியதாக வேண்டும்.

நான்கு, ஒவ்வோர் ஆய்வின் முடிவும் அது நடந்த ஊரின் கிராம சபையில் தமிழில் முன்வைக்கப்பட வேண்டும்.

ஐந்து, மருத்துவ மாணவர்கள் குடும்பங்களை ஏற்றுக் கண்காணிக்கும் புதிய பாடத்திட்டத்தில் தொழிலாளர் குடியிருப்புகளும் சேரிகளும் சேர்க்கப்பட வேண்டும். அக்குடும்பங்கள் பயிற்சிப் பொருளாக மட்டும் நின்றுவிடாமல் மருத்துவமும் பெற வேண்டும்.

அண்ணல் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டு கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குச் சென்றது பரோடா அரசின் உதவித்தொகையால். அந்தப் பொதுப்பணம் ஒரு தனிமனிதரின் பட்டத்தோடு நின்றுவிடவில்லை. சாதியையும் நிதியையும் பற்றி அதுவரை எவரும் கேட்காத கேள்விகளை அவர் எழுப்பினார். திருவள்ளூரின் 3.6 லட்சம் பேர் மருத்துவ அறிவுக்குத் தந்ததற்கு ஈடாக அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கேட்பது சலுகையன்று. அடுத்த ஆய்வின் முதல் கேள்வியை எழுதும் உரிமையையே அவர்கள் கேட்கிறார்கள்.